செய்யது கேட்ட ஒரு நிமிஷம்

"இனிமே ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. மூச்சக்கூட மெதுவா விடுங்க. இசக்கி, உனக்குத்தான் முக்கியமாச் சொல்லுதேன்" என்று செய்யது ஹெட்போனைக் காதில் அமர்த்திக்கொண்டே சொன்னதும் அறையிலிருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவன் ஆள்காட்டி விரலை உயர்த்திவிட்டான், பதிவு ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், ஆகவே "ஏன், எனக்கு மட்டும் ரெண்டு வாயா?" என்று இசக்கியின் நாக்கு நுனிவரை வந்துவிட்ட பதில், சப்பிய புளியங்கொட்டை மாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இதற்கு ரூம் டோன் என்று பெயர். ஒரு வீட்டில் படம் பிடித்து முடித்ததும், ஆட்கள் கலைவதற்குள், அந்த அறை சும்மா இருக்கும்போது என்ன சத்தம் போடுகிறதோ அதை ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் விழும் ஓட்டைகளை இந்தச் சும்மாவை வைத்துத்தான் அடைப்பார்கள். "வெறும் அமைதியப் போட்டா படம் செத்துப் போயிரும் மக்கா, இந்த வீட்டு அமைதியத்தான் போடணும்" என்று செய்யது வெள்ளிக்கிழமையே பாடம் நடத்தியிருந்தான். அன்றைக்கு அது இசக்கிக்குப் பிடித்திருந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அமைதி, கேட்கவே நன்றாக இருந்தது. இப்போது இந்த வீட்டு அமைதி வியர்த்து வழிந்தது. ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள், திரும்ப மாட்ட மறந்துவிடக் கூடாது என்று செய்யது தன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் தயிர்க் கிண்ணத்தின் மேல் வைத்திருந்தான், சாவியைத் தேடினால் பிளக் ஞாபகம் வரும் என்பது அவன் தொழில் சூட்சுமம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றியாகிவிட்டது, அது நேற்று மதியத்திலிருந்து இரண்டு பத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு குறும்படம் என்று ஊரையே ஓடவைக்கும் போட்டியில், நின்ற கடிகாரத்துக்குக் கீழே, அசையாமல் இருக்கிற ஐந்து பேர். வெள்ளி மாலை ஏழரைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள், இன்று ஞாயிறு மாலை ஏழரைக்குள் முடித்த படத்தைக் கொண்டுபோய் ஜங்ஷனில் கொடுக்க வேண்டும், கடைசியாகப் போனை அணைத்தபோது மணி ஐந்து பத்து. எதிரே லேப்டாப்பை மடியில் வைத்தபடி ஜெபராஜ், இயக்குநர், அவள் வகுப்புத்தோழன், கண் இரண்டும் கோவைப்பழமாக. கேமராவுக்குப் பக்கத்தில் சுடலை அண்ணன், ஒன்பது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர், இந்தக் கூட்டத்தில் தொழில் தெரிந்த ஒரே ஆள். நடுவில் மர நாற்காலியில் கோமதி அக்கா, வீட்டுக்காரி, கதாநாயகி, நிஜத்தில் நர்ஸ், காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு, ஐந்தரைக்கு வருகிற வண்ணார்பேட்டை பஸ்ஸுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். டியூட்டிக்குப் போனால் நாளைக் காலைதான் திரும்புவாள்.

நான்கு, ஐந்து, ஆறு என்று இசக்கி எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவதும் ஒரு விதமாகப் பேசுவதுதானே, அதை யார் தடுக்க முடியும். உன் கையெழுத்து அழகா இருக்கு, நோட்டை நீ வச்சுக்கோ என்று முதல் நாளே ஜெபராஜ் சொன்னான் அல்லவா, அதை இன்னும் அவள் மன்னிக்கவில்லை. சுடலை அண்ணன் கையெழுத்து மட்டும் என்ன, கேமராவைக் கொடுப்பதற்கு முன்னால் யாராவது அவரிடம் எழுதிக் காட்டச் சொன்னார்களா? போன வருடம் இதே போட்டி முடிந்ததும் பல்கலைக்கழகச் சுவர் இதழில் அவள் எழுதினாள், கேமரா அவனுக்கு, நோட்டு அவளுக்கு என்று தலைப்பு, பதினேழு அணியில் எத்தனை பெண்கள், அவர்கள் கையில் என்ன இருந்தது என்று ஆள்வாரியாகக் கேட்டு எழுதினாள், பதினான்கு பேர் கையில் நோட்டு அல்லது மேக்கப் பெட்டி. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த வருடம் ஜெபராஜே வந்து கூப்பிட்டான், இணை இயக்குநர்னே பேர் போடுதேன், வா, ஆனா சண்டை போடாத. பேர் போட்டான். நோட்டையும் கொடுத்தான். எழுது என்றால் எழுதுவாள், எந்த ஷாட், எத்தனையாவது டேக், யார் கையில் என்ன, பையை எந்தத் தோளில் மாட்டியிருந்தார்கள், டம்ளர் மேசையில் எந்தப் பக்கம், எல்லாம் எழுதுவாள், எழுதிக்கொண்டே வாதாடுவாள், இரண்டு நாளாக இந்த வீட்டில் அவள் குரல்தான். பேனாவாவது கையில் இருக்கட்டும் என்று, அசையக் கூடாது என்கிற கட்டளையை ஒரு நூல் அளவு மீறி, வலது கையைச் சுடிதார் பையில் மெதுவாக விட்டாள். விரலில் பேனா தட்டுப்படவில்லை. வழுவழுவென்று ஒரு நாடா. இறுக்கிச் சுருட்டியது, ரப்பர் பேண்டு போட்டது, ஓரத்தில் சின்னத் தகரப் பூண். தையல் டேப். அவள் விரல் அதை ஒருமுறை சுற்றி வந்தது, இன்னொருமுறை சுற்றி வந்தது, ஏதோ தெரியாத ஊரில் இறங்கிவிட்ட மாதிரி. பதினொன்று. பன்னிரண்டு. டேப் எப்படி என் பையில், என்று கேட்டுக்கொண்ட அதே நொடியில் பதிலும் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் முதுகில் ஓடிக்கொண்டிருந்த வியர்வை நின்றுவிட்ட மாதிரி இருந்தது. சீட்டுக் குலுக்கியபோது எல்லா அணிக்கும் பொதுவாக ஒரு வசனமும் ஒரு பொருளும் கொடுத்தார்கள், படம் இந்த இரண்டு நாளில்தான் எடுக்கப்பட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வசனம்: கதவு திறந்துதான் இருக்கு. பொருள்: தையல் டேப். திரையில் ஒரு கதாபாத்திரத்தின் கையில் அந்தப் பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும், தவறினால் படம் போட்டியில் சேராது. இந்த விதியை அவளைவிட யார் படித்திருப்பார்கள், வசனத்தைப் போனில் ஒரு குரல் சொன்னால் செல்லுமா, பொருளைக் கண்ணாடியில் காட்டினால் செல்லுமா என்று அவள் கேட்ட கேள்வியில் போட்டி நடத்துகிறவர், மேடம், நீங்க படம் எடுக்க வந்தீங்களா கேஸ் நடத்த வந்தீங்களா என்று கையெடுத்துக் கும்பிடவில்லையா. வசனம் வந்துவிட்டது, அந்த டேப் படத்தில் இல்லை. எங்கேயும் இல்லை. அவள் பையில் இருக்கிறது.

இரண்டு இடத்தில் வர வேண்டியது. இரண்டு இடத்திலும் அவள் ஜெயித்தாள். கதை என்ன, வெளிநாட்டிலிருந்து ஏழு வருடம் கழித்துப் புருஷன் வருகிறான் என்று தகவல் வந்த அன்று ஒரு பெண் வேலையிலிருந்து வீடு திரும்புகிறாள், அவ்வளவுதான், ஒரு சாயங்காலம். முதல் இடம், கோமதி அக்கா கையில் டேப்போடு உள்ளே நுழைகிற ஷாட். நிறுத்துங்க என்று கத்தியவள் யார், இவள்தான், வாசலுக்கு வெளியே எடுத்த ஷாட்ல கையில பை மட்டுந்தான் இருந்துச்சு, என் நோட்டுல இருக்கு, வாசப்படியத் தாண்டுனதும் டேப்பு எங்கேருந்து முளைச்சுச்சு? சுடலை அண்ணன் சலித்துப்போய், எம்மா, நான் ஆயிரம் கல்யாணம் எடுத்திருக்கேன், தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு வாட்ச் இருந்துச்சு, சாப்பிடும்போது இல்லையேன்னு ஒருத்தனும் கேட்டதில்ல என்றார். அது கல்யாணம்ணே, இது சினிமா, என்று சொல்லி டேப்பைக் கோமதி அக்கா கையிலிருந்து வாங்கி இவளே தன் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள், அப்புறம் வர்ற க்ளோசப்ல குடுக்கேன் என்று. அந்த க்ளோசப்தான் இரண்டாவது இடம். மனைவி பழைய சட்டையை மேசையில் விரித்து, புருஷனுக்கு இப்போது என்ன அளவு இருக்கும் என்று டேப்பால் அளந்து பார்த்துக் கண் கலங்குகிறாள், ஜெபராஜ் எழுதியது. அதற்கு ஒன்றே கால் மணி நேரம் சண்டை. ஏழு வருசமாத் தனியா வீட்டை நடத்துனவ, அவளுக்கு அன்னைக்குச் சாயங்காலம் வேற வேலையே இல்லையா, அவன் நெஞ்சு அகலத்தை அளந்து அழணுமா, அவன் வந்து அவளை அளக்கட்டுமே! அவ அவனோட நாற்காலில உட்காந்து ஒரு டீ குடிக்கட்டும், யாரும் பாக்காம, காலை நீட்டி, அவ்வளவு போதும். ஜெபராஜ் எழுதிய தாளைக் கசக்கினான், கோமதி அக்கா காலை நீட்டி டீயைக் குடித்தாள், ஒரே டேக், ஜெபராஜே, நல்லா இருக்கு இசக்கி, நீ சொன்னது சரிதான் என்றான், அதை அவள் நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு எழுதிக்கூட வைத்தாள். சரிதான். இரண்டுமே சரிதான். வாசல் ஷாட்டும் சரி, சட்டையும் சரி. இரண்டு சரியையும் சேர்த்துக் கூட்டினால் படம் வெளியே. இருபத்தொன்பது, இல்லை, முப்பத்தொன்றா, எண்ணிக்கை தவறிவிட்டது. ஜெபராஜ் பார்க்கவில்லை, அவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. யார் கையில் என்ன என்று பார்க்கத்தான் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் நான். பக்கத்து வீட்டில் குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம், மெல்லியதாகத் தொடங்கி மேலேறிக்கொண்டே வருகிறது, இதுவும் இந்த வீட்டு அமைதிதான் போலிருக்கிறது, செய்யது ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஐயோ, என் நெஞ்சு அடிப்பது அந்த மைக்கில் கேட்குமா?

சொல்லாமலும் இருக்கலாம். அந்த எண்ணம் வந்த விதத்தைப் பார்த்தால் அவளுக்கே பயமாக இருந்தது, வெளியாள் மாதிரி வரவில்லை, ரொம்ப நாள் பழகினவள் மாதிரி சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இன்னும் கொஞ்ச நேரத்தில் கோமதி அக்கா பஸ் ஏறிவிடுவாள், படம் ஏழரைக்குப் போகும், திரையிடுவார்கள், கைதட்டுவார்கள்கூட, அப்புறம் ஒரு தாளில் பொருள் இல்லை என்று எழுதுவார்கள், எல்லோரும் ஜெபராஜைத்தான் பார்ப்பார்கள், இயக்குநர் அவன், அவனே, அடச்சே நாந்தான் மறந்துட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்வான், அப்படிப்பட்ட பயல்தான். அவன் மறந்தால் அது ஒரு ஜெபராஜ் மறந்தது. தூக்கமில்ல பாவம் என்பார்கள். நான் மறந்தால்? நோட்டைக் குடுத்ததுக்கே இந்த லட்சணம், இதுல கேமராவும் வேணுமாம் என்று அடுத்த வருடம் பதினேழு அணியிலும் பேச்சு ஓடும், சுவர் இதழில் எழுதினாளே அவதான் என்பார்கள், ஒருத்தன் தப்பு அவனோடு போகிறது, ஒருத்தி தப்பு அடுத்து வருகிற அத்தனை பேர் தலையிலும் போய் விடிகிறது, இது அநியாயம் இல்லையா? அப்படியானால் சொல்லாமல் இருப்பது எனக்காக இல்லை, இனி வரப்போகிறவர்களுக்காக, என்று வாதம் முடிச்சுப் போட்டு நின்றது, கச்சிதமாக நின்றது, கச்சிதமாக நின்றதாலேயே அவளுக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. ஆறாம் வகுப்பில் அவள் லீடர். டீச்சர் வெளியே போனால் பலகையில், பேசியவர்கள் பெயர், என்று மேலே எழுதிக் கோடு போட்டு, கீழே வரிசையாக எழுத வேண்டும். அன்றைக்கு முதலில் பேசியது அவள்தான், முன் பெஞ்சு ஹெப்சிபாவிடம் ஏதோ கேட்டாள், ஹெப்சிபா பதில் சொன்னாள், உடனே திரும்பி ஹெப்சிபா பெயரைப் பலகையில் எழுதினாள், லீடர் கேட்பது பேச்சில் சேராது என்று அப்போதும் ஒரு வாதம் இருந்தது, அப்போதும் கச்சிதமாகத்தான் இருந்தது. டீச்சர் ஸ்கேலால் அடித்தபோது ஹெப்சிபா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிவந்த உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே சும்மா பார்த்தாள். அவ்வளவுதான். பதினோரு வருடம் ஆகிறது, ஹெப்சிபா இப்போது எங்கே இருக்கிறாளோ, அந்தப் பார்வை மட்டும் இந்த அறையில், ஃபேன் நின்ற இந்தப் புழுக்கத்தில், கோமதி அக்கா கண் வழியாக வந்து நிற்கிறது, அக்கா ஒன்றும் தெரியாமல் அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள், செருப்பு நுனியால் தரையைத் தட்டப் போய், சத்தம் கேட்குமே என்று நிறுத்திக்கொள்கிறாள். டேப்பின் ரப்பர் பேண்டு விரலில் சிக்கிக்கொண்டது. குடம் நிரம்பி வழிகிற சத்தம். இன்னும் எத்தனை நொடி? முடியட்டும், முடிந்ததும் சொல்வேன், பத்து நொடியில் என்ன வந்துவிடப் போகிறது. இல்லை, முடிந்தால் சிரிப்பார்கள், ஃபேன் போடுவார்கள், அக்கா எழுந்துவிடுவாள், செய்யது சாவி எங்கே என்பான், அந்த இரைச்சலில் நான் வேறு ஏதாவது பேசிவிடுவேன், எனக்குத் தெரியும், பேச ஆரம்பித்தால் நான் எதையும் நியாயமாக்கிவிடுவேன், என்னால் சொல்ல முடிவது இப்போது மட்டும்தான், வாயைத் திறக்கக் கூடாது என்கிற இந்த

"டேப் படத்துல வரல" என்றாள் இசக்கி.

செய்யது ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். "அம்பத்தி மூணு! அம்பத்தி மூணு செகண்டு போயிருச்சு! ஏழு செகண்டு, ஏழே ஏழு செகண்டு உன்னால..."

"படத்துல டேப் இல்ல" என்று பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள். மஞ்சள் சுருள், ரப்பர் பேண்டில் பாதி விரலில் மாட்டியிருந்தது. "வாசல் ஷாட்ல நான் எடுத்துட்டேன். க்ளோசப்பையும் நாந்தான் வேண்டாம்னேன். நோட்டு என் கையிலதான் இருந்துச்சு. நான் பாக்கல."

ஜெபராஜ் லேப்டாப்பைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், திரும்ப லேப்டாப்பைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவன் கத்தவில்லை.

"மணி என்ன?" என்றான்.

சுடலை அண்ணன் போனைப் போட்டுப் பார்த்தார். "அஞ்சு பதினஞ்சு. லைட் இன்னும் பத்து நிமிசம் தாங்கும். வெரசாச் சொல்லு."

"சரி. சட்டைய எடுங்க. மேசைல விரிச்சு அளக்கட்டும், ஒரே டேக், முடிச்சிருவோம்."

இசக்கி வாயைத் திறந்தாள். மூடினாள். இன்றைக்கு இனிமேல் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று நான்கு சுவரும் கேட்டன. மறுபடியும் திறந்தாள்.

"சட்டை வேண்டாம்."

"எம்மா தாயே!" என்று செய்யது தரையில் உட்கார்ந்துவிட்டான். "இவளைத் தூக்கி அந்த ஃபிரிட்ஜுக்குள்ள வைங்கடே, என் சாவியோட சேத்து."

"டேப் என் தப்பு. ஆயிரம் தடவ ஒத்துக்கிடுதேன், எழுதித் தாரேன்" என்றாள். "அதுக்காகச் சட்டை சரின்னு ஆயிருமா? டீ குடிச்சு முடிச்சவ எந்திரிச்சுப் போய் அவன் சட்டைய அளந்து அழுதான்னா, டீயே பொய்யாப் போயிரும் ஜெபா."

"பின்ன எதைத்தான் அளக்கச் சொல்லுத?" அவன் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "சொல்லு. நீயே சொல்லு."

அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"ஏளா, அதை இங்க கொண்டா" என்றாள் கோமதி அக்கா. பையைத் தோளிலிருந்து இறக்கி, செருப்பை உதறினாள். "சண்டை போட்டுக்கிட்டு நிக்கியளே, எனக்குப் பஸ்சு போயிரும். இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்கு எங்க வீட்டு அய்யா பீரோவை அளக்காமத் தூக்கிட்டு வந்து வாசல்ல முக்கா மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னாரு. அன்னையிலேருந்து எதைத் தூக்குனாலும் நாந்தான் அளக்கது." டேப்பை உதறி நீட்டினாள், பிடித்துப் பழகிய கை. "டீ குடிச்சிட்டேன். எந்திரிக்கேன். இந்த நாற்காலிய அளக்கேன். அப்புறம் வாசலை அளக்கேன். வெளிய போகுமா போகாதான்னு பாக்கேன். போதுமா?"

ஜெபராஜ் லேப்டாப்பை மூடிவிட்டு நாற்காலியைப் பார்த்தான்.

"அவன் வாரான்னுதான தகவல் வந்திருக்கு" என்றான் ஜெபராஜ் மெதுவாக, தனக்குத்தானே. "அவன் நாற்காலி."

"நான் ஒண்ணும் வெளிய போடல. அளந்துதான் பாக்கேன்" என்றாள் அக்கா. "சுடலை, அங்ஙன நின்னா முகம் விழுமா?"

எடுத்தார்கள். அக்கா நாற்காலியின் ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிவரை டேப்பைப் பிடித்தாள், கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டாள், அந்த இடத்தை விடாமல் வாசலுக்குப் போய் நிலைக்காலுக்கு நிலைக்கால் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அப்பால் வாசலில் நான்கு விரல்கடை மிச்சம் இருந்தது, நாற்காலி வெளியே போகும். அக்கா அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை, சிரிக்கவுமில்லை, சாயங்கால வெயில் டேப்பின் எண்களில் விழுந்தது. கட் என்று சொல்ல ஜெபராஜ் மறந்துபோனான். சுடலை அண்ணன்தான், "எம்மா இசக்கி, எழுதிக்கோ, டேப்பு, வலது கையி" என்றார். அவள் எழுதினாள். கையெழுத்து கோணலாக வந்தது.

அக்கா பஸ்ஸுக்கு ஓடியதும் ஜெபராஜ் லேப்டாப்புக்குள் போய்விட்டான். படம் ஏழரைக்குள் போய்ச் சேருமா என்று அவனுக்கும் தெரியாது. செய்யது ஹெட்போனைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு இசக்கியைப் பார்த்தான். அவள், கேட்பதற்கு முன்பே, தலையை ஆட்டினாள். விரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக் குழாயடியில் யாரோ அடுத்த குடத்தை வைத்தார்கள், அது அடியிலிருந்து நிரம்பத் தொடங்கியது. அவள் சுடிதார் பை காலியாக இருந்தது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள், எங்கும் சிக்காமல் எண்ணிக்கொண்டே போனாள், விரல் இறங்கியபோது சரியாக அறுபதுதான் ஆகியிருந்தது.